பேர்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் கொண்டுபோன அண்ணைக்கு

அன்பான அண்ணை,

கடைக்குள் இருந்துதான் எழுதுகிறேன். சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், இந்தச் சுவிஸ் ஊர் லாங்கன்தாலில் ஒரு சனமும் கடைக்கு வரவில்லை. அண்ணி மேலே போய்ச் சற்றுச் சரிந்திருக்கிறா. நீங்கள் இருந்த கதிரையில் இன்னும் ஒருவரும் இருப்பதில்லை. பாசம் ஒரு காரணம், அதன் ஒரு கால் ஆடுவது மற்றக் காரணம். திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று நீங்கள் சொல்லித் திருத்தாமல் போன சாமான்களில் அதுவும் ஒன்று.

இதை எங்கள் ஆட்கள் வாசிக்கிற பேப்பருக்கு அனுப்பப் போகிறேன். செத்த மனுசனுக்கு எழுதுகிறதை ஏன் ஊருக்குக் காட்டுகிறாய் என்று அண்ணி கேட்டா. முழுக்க வாசித்தால் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மாலியின்ர தேப்பனுக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" மருந்து மயக்கத்தில் உளறுகிறீர்கள் என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் நினைத்தா. நீங்கள் தெளிவாகத்தான் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பதில்தான் தெரியவில்லை.

மாலி யாரென்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். தாய்லாந்துக்காரி. வடகிழக்குப் பக்கம், நெல் விளைகிற ஊர். இங்கே ஒரு சுவிஸ் மெக்கானிக்கைக் கலியாணம் கட்டி, நான் சமைக்கிற அதே முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறாள். மீன் சோஸ், பச்சைப் பப்பாசி, அவர்கள் தின்கிற ஒட்டுகிற அரிசி எல்லாம் வாங்க அண்ணையின் கடைக்குத்தான் வருவாள். தகப்பன் வாசமான அரிசியை விதைத்து விற்றுவிட்டு, வீட்டில் ஒட்டுகிற அரிசியைத் தின்கிறவர். எங்களுக்குள் இருந்த பாஷை இரண்டு பக்கமும் உடைந்த ஜெர்மன். அதை இங்கே நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன், அப்படித்தான் அது என் காதில் கேட்டது.

பத்து வருசத்துக்கு மேலே இருக்கும், அப்போது தாய்லாந்தில் இருந்த அரசாங்கம், விவசாயியின் நெல்லைச் சந்தை விலைக்கு மேலே கொடுத்துத் தானே வாங்குவதாகச் சொல்லி வோட்டு வாங்கியது. மாலியின் தகப்பன் வோட்டும் போட்டார், நெல்லும் கொடுத்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, காசு வங்கிக்கு வரும் என்றார்கள். வரவில்லை. வாங்கிய அரிசி விலைபோகாமல் களஞ்சியத்தில் கிடந்தது. அரிசி விற்கிறவர் நீங்கள், முதலே சொன்னீர்கள்: "இவங்கள் விலையைக் கூட்டினா வாங்கிறவன் வியட்நாம்காரனிட்டப் போவான்."

அதற்குள் பாங்கொக்கில் அரசாங்கத்தைப் பிடிக்காத நகரத்து ஆட்கள் கழுத்தில் விசிலைக் கட்டி ஊதிக்கொண்டு தெருவை மறித்தார்கள். பாராளுமன்றம் கலைந்தது, தேர்தல் குழம்பியது. இடையில் ஒப்புக்கு இருக்கிற அரசாங்கம் புதிதாகக் கடன் எடுக்க முடியாது, ஆனபடியால் விவசாயிக்குக் காசு இல்லை. பிறகு அதே விசில்காரர், பாவம் விவசாயி என்று தெருவில் பெட்டி ஏந்திக் காசு சேர்த்தார்கள்.

"என்ர காசு வராமல் மறிச்சதும் அவை, எனக்கெண்டு பிச்சை எடுக்கிறதும் அவை" என்று தகப்பன் சொன்னாராம். மாலி அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். நாட்டுப்புறத்து ஆட்களை அந்த நகரத்தார் எருமை என்றுதான் சொல்வார்கள் என்று அவள் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

அந்த மனுசனுக்குச் சிக்கல் காசு மட்டும் என்றால் லேசு. அவருடைய ஊர் விவசாயிகள் சிலர் ட்ரக்டர் கட்டிக்கொண்டு பாங்கொக் போய்க் கேட்கப் போவதாக ஒரு கதை. போனால் தான் வோட்டுப் போட்ட அரசாங்கத்துக்கு எதிராக, தன்னை எருமை என்கிறவனோடு ஒரே தெருவில் நிற்க வேண்டும். போகாவிட்டால் அடுத்த விதைப்புக்கு விதைநெல்லுக்கும் வழியில்லை. தகப்பன் போன் எடுத்துப் போகவோ விடவோ என்று கேட்கிறார் என்று மாலி இந்தக் கடை மேசைக்கு முன்னால் நின்று கண்கலங்கினாள்.

நீங்கள் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "போகச் சொல்லு பிள்ளை. எங்கட ஆக்களிட்டக் கேக்கேலாட்டி வேற ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

நான் சாமான் தட்டில் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் இதே மேசையில் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் உண்டியல் பெட்டி இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளம் வந்து கிளிநொச்சிப் பக்கம் வயல் அழிந்தவர்களுக்கு என்று சேர்த்தது. நிரம்பி, எடுத்துக்கொண்டு போய், திரும்ப வைத்து, திரும்ப நிரம்பியது. அங்கே வயல் அழிந்து நின்ற மாமாவின் மகன் குகன் போன் எடுத்து, "மச்சாள், எங்களுக்கு ஒண்டும் வரேல்லை, ஒருக்கா விசாரியுங்கோ" என்றான். உங்களிடம் சொன்னேன். "இப்ப வேண்டாம். கேட்டா எங்களைப் பிடிக்காதவன் சிரிப்பான்" என்றீர்கள். மாலிக்கு ஒரு நியாயம், குகனுக்கு ஒரு நியாயம். எனக்கு அன்று கோபம் வந்தது. வீட்டில் உங்களோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன், நீங்கள் அதைக் கவனிக்கவேயில்லை.

தகப்பன் பாங்கொக் போனார். அவருக்கு ஆதரவாக இங்கே உள்ள தாய்லாந்துப் பெண்கள் தலைநகர் பேர்ணில் தட்டி பிடித்து நிற்கப் போவதாக மாலி சொன்னதும் உங்களுக்கு இளமை திரும்பிவிட்டது. பொலிசிடம் பெவிலிகுங் என்கிற அனுமதி எடுக்கிறது, தட்டி எழுதுகிறது, சோற்றுப் பார்சல் கட்டுகிறது எல்லாம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஐ.நா.வுக்கு முன்னால் நிற்க ஜெனீவாவுக்கு எத்தனை தரம் பஸ் பிடித்திருக்கிறோம். அனுமதி எடுத்துக் கொடுத்தீர்கள். கீழே நிலவறைக் கெல்லருக்குள் கிடந்த துணிப் பெட்டியையும் கடை வாகனத்தில் ஏற்றினீர்கள்.

பெட்டிக்குள் இருந்தது எங்கள் ஊர்வலங்களில் மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும். ஊர்வலம் என்றால் எங்களுக்கு வேறு நிறம் தெரியாது. நல்ல குளிர், பீஸ் என்கிற வாடைக்காற்று முகத்தில் அறைகிறது. நீங்கள் பெரிய மனத்தோடு ஆளுக்கொரு சிவப்பும் ஒரு மஞ்சளும் கொடுத்துக்கொண்டு போனீர்கள். டீட்டிகோன் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாங்கொக்காரி மஞ்சளை வைத்துக்கொண்டு சிவப்பை உங்களிடம் திருப்பித் தந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் சிவப்பை வைத்துக்கொண்டு மஞ்சளைத் தந்தாள். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மாலிதான் உங்களை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். "தேவா, எங்கட நாட்டில இது ரெண்டும் ரெண்டு கட்சி. சிவப்புக்காரனும் மஞ்சள்காரனும் ஆளையாள் கொல்லுற அளவுக்குப் பகை."

"எங்களுக்கு இது ஒரே கொடி, பிள்ளை" என்றீர்கள். உங்கள் முகம் வாடியதை நான் பார்த்தேன். துணியெல்லாம் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் போட வெளிக்கிட்டீர்கள். ஆனால் காற்று நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாங்கொக்காரிதான் முதலில் வந்து பெட்டிக்குள் கைவைத்து, வந்த துணியை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டினாள். சிவப்பு. பிறகு எல்லோரும் அள்ளினார்கள். ஒருவரும் மனம் மாறவில்லை, குளிருக்குத்தான். எங்கள் புளிச்சோற்றுப் பார்சலையும் அப்படித்தான் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் கதைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வருசம் கோடை வருவதற்கு முதல் பாங்கொக்கில் ஆமி ஆட்சியைப் பிடித்தது. ஆமிக்காரர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விவசாயிக்கு நெல்லுக் காசைக் கொடுத்தது. மாலியின் தகப்பனுக்கும் வந்தது. நான் சந்தோசப்பட்டேன். நீங்கள் கடைக்குள் ரிவியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். காசு வந்தது, வோட்டுப் போனது. பாங்கொக்கில் நின்று எங்கள் அரசாங்கத்தைக் கவிழ்த்தவன் நீதானே என்று ஊரில் அயலட்டம் அவரோடு கதைப்பதில்லை என்று மாலி சொன்னாள். அன்றைக்கு நீங்கள் கடையை வழமைக்கு முதலே பூட்டினீர்கள்.

அதற்குப் பிறகு அங்கே அரசாங்கம் எத்தனையோ தரம் மாறிவிட்டது. ஒவ்வொரு தரமும் மாலி வந்தால் "அப்பா சுகமோ?" என்று மட்டும் கேட்பீர்கள். அவள் சுகம் என்பாள். அதற்கு மேலே கேட்கப் பயம் உங்களுக்கு. பெரிய கூட்டத்தில் மைக் பிடிக்கிற மனுசன், ஒரு பெண்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆகவே நான் கேட்டேன், அண்ணை.

போன சனிக்கிழமை மாலி ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லித் தகப்பனின் வயல் அரிசி ஒரு பை கொண்டுவந்தாள். நான் அரிசியை வாங்கி வைத்துவிட்டு நீங்கள் இவ்வளவு வருசமும் மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதையும் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்து, இதே மேசையில் வைத்துத் தகப்பனை வீடியோவில் கூப்பிட்டாள்.

கிழவர் கயிற்றுக் கட்டிலில் சேட்டு இல்லாமல் இருந்தார். பல்லுக் குறைவு, கண் நல்ல கூர். மாலி நெடுநேரம் விளங்கப்படுத்தினாள். அவர் முதலில் கேட்டது: "எந்தக் கடைக்காரன்?"

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. உங்களை அவருக்குத் தெரியவே தெரியாது. மாலி திரும்பவும் சொன்னாள். கிழவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவள் எனக்குச் சொன்னாள், சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு:

"நான் உன்னைக் கேக்கேக்குள்ள ட்ரக்டருக்கு டீசல் அடிச்சு முடிஞ்சுது. பின்னால இழுக்கிற பெட்டியில வைக்கோலும் பரப்பிட்டன். வெளிநாட்டில இருக்கிற பிள்ளையை ஒரு சொல்லுக் கேக்காமல் போகக் கூடாதெண்டு போன் எடுத்தனான். நீ வேண்டாமெண்டிருந்தாலும் போயிருப்பன்."

அண்ணை, இது எங்களுக்குப் புதிதா? அம்மா உயிரோடு இருந்தபோது சின்னக்காவின் கலியாணத்துக்கு உங்களை "ஒரு சொல்லு" கேட்க ஊரிலிருந்து போன் எடுத்தா. மண்டபமும் பிடித்து, மேளகாரனுக்கும் சொல்லி முடித்த பிறகு. நீங்கள் ஒரு கிழமை யோசித்து ஓம் என்றீர்கள். வெளிநாட்டில் இருக்கிறவனைக் கேட்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். நாங்கள்தான் இங்கேயிருந்து சொன்னபடியால் அங்கே நடந்தது என்று நினைத்துக்கொள்வோம். நல்லது நடந்தால் நெஞ்சை நிமிர்த்துவோம், கெட்டது நடந்தால் நித்திரை கொள்ளமாட்டோம்.

நான் விடவில்லை. ஊர்ச்சனம் கதைக்காமல் விட்டதைக் கேட்டேன். அடுத்த விதைப்புக்கு ட்ரக்டர் தேவைப்பட்டவுடன் எல்லோரும் கதைத்தார்கள் என்றார். ஆமி வந்ததைக் கேட்டேன். கிழவர் சிரிப்பை நிற்பாட்டினார். "நான் கேக்கப் போனது என்ர நெல்லுக் காசை. வோட்டைக் கொண்டுபோனவன் ஆமிக்காரன். அதை என்ர தலையில ஏன் வைக்கிறியள்?"

பிறகு பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

இவ்வளவு வருசம் சுமந்தீர்களே, அண்ணை. ஒரு போன் கோலில் தீர்ந்திருக்கும். அன்றைக்கு மாலி போன பிறகு, ஒருவரும் இராத இந்த ஆடுகிற கதிரையில் நான் முதல்தரம் இருந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, செத்த வீட்டிலும் அழவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று சனம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் வந்தது.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் பிழையாகச் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்டுப் போகவுமில்லை. ஆனால் எங்கட ஆக்களிட்டத்தான் கேட்க வேண்டும் என்று நீங்கள் அன்று சொன்ன வசனம் சரியான வசனம், அது இந்தக் கடைக்குள் வைத்துத்தான் சொல்லப்பட்டது, அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான்.

நாளைக்குச் சங்கத்தின் பொதுக்கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில், வழமைபோல அகவணக்கம், வரவேற்புரை, ரோல்ஸ், தேத்தண்ணி. உங்களுக்கு ஒரு நிமிசம் எழும்பி நிற்பார்களாம். நிற்கட்டும். எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்த பிறகு நான் எழும்பி, கிளிநொச்சிக்கென்று இந்த மேசையில் சேர்த்தது எங்கே என்று கேட்பேன். குகனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கேட்காமல் வீட்டுக்கு வரமாட்டேன், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. எங்களைப் பிடிக்காதவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் இருந்தால் "இப்ப வேண்டாம்" என்பீர்கள். அதனால்தான் எல்லாம் முடிவான பிறகு கடைசியாக உங்களுக்கு எழுதுகிறேன். இதுவும் ஒரு மரியாதைக்குக் கேட்கிறதுதான், அண்ணை. நான் டீசல் அடித்துவிட்டேன்.

உங்கட சொல்லுக் கேளாத கடைசித் தங்கச்சி,
சாந்தி