வெறும் மாத்திரை

ஜனவரி 12

டாக்டருக்கு,

இங்கே நலம் என்று எழுத முடியாது. போனில் பேசினால் நம்மில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

அம்மா உன் ஆராய்ச்சியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாதம் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையற்காரருக்கும் இதே நுரையீரல் வியாதிதான், அம்மாவோடு சேர்ந்தவர்தான். அவர் இப்போது கடைத்தெரு வரை நடந்துபோய் நூல்கண்டு வாங்கி வருகிறார். "உங்க வீட்டம்மா மாத்திரை அமிர்தம் சார்" என்கிறார். ஒரே மாதிரி டப்பா, ஒரே நிறம். ஒருவருக்கு நடை வருகிறது, இன்னொருவருக்கு மூச்சே வரவில்லை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். மோதின வண்டியைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவன். டிரைவர் ஒரு கதை சொல்வான், நசுங்கின பம்பர் வேறு கதை சொல்லும். அந்தக் கண்ணால்தான் இதையும் பார்க்கிறேன். சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தருவீர்கள் என்று சேரும்போதே நர்ஸம்மா சொன்னார். ஆராய்ச்சிக்குத் தலைவி நீ. அம்மாவுக்குப் போவது எது?

ஒரு வரி பதில் போதும்.

உன் கணவன் (காகிதத்தில்)


ஜனவரி 18

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வரி பதில்: எனக்குத் தெரியாது.

நம்பமாட்டீர்கள் என்பதால் மீதியையும் எழுதுகிறேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோல் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டது கம்ப்யூட்டர். அந்த விவரம் எங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு அலுவலகத்தில் பூட்டியிருக்கிறது. கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால், யார் தேறவேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ அவர் தேறுவதாகவே எங்கள் கண்ணுக்குத் தோன்றும். அத்தை சேர்ந்தபோதே, அவர் என் மாமியார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் ஊரில் நடக்கிற ஆராய்ச்சியின் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன்.

கால் வீக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரல் கெட்டால் இதயத்தின் வலது பக்கம் அதற்கும் சேர்த்து முட்டித் தள்ளிக் களைத்துப்போகிறது. நீர் காலில் இறங்கிவிடுகிறது. நான் படித்த காலத்தில் நுரையீரலை ஒரு டாக்டர், இதயத்தை ஒரு டாக்டர் என்று பாகம் பிரித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நடக்கிற இந்தத் தள்ளுமுள்ளைத்தான் இத்தனை வருஷமாக நான் பிடித்துத் தொங்குகிறேன். நீர் இறங்க வைக்கும் மாத்திரை ஆராய்ச்சிக்கு வெளியே உள்ளது. அதை யாருக்கும் மறுக்க மாட்டார்கள்.

இவ்வளவு எழுதினீர்களே, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான்


ஜனவரி 29

டாக்டருக்கு,

நீ எப்படி இருக்கிறாய். கேட்டுவிட்டேன்.

நீர் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மூச்சு அப்படியேதான்.

தெரியாது என்கிறாய். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்று ஆரம்பிக்காத டிரைவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தையற்காரரின் மாத்திரை ஒன்று, அம்மாவினுடையது ஒன்று, இரண்டையும் உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவருடையது கசக்கிறது. அம்மாவினுடையது சுண்ணாம்புக் கட்டி.

நீ பெட்டியோடு படி இறங்கின அன்று அம்மா சொன்னாள்: "ஊரார் நெஞ்சையெல்லாம் பாக்கிறவளுக்குக் கட்டினவன் நெஞ்சு தெரியல." நீ திரும்பி நின்று, "இத நான் மறக்க மாட்டேன் அத்தை" என்றாய். மறக்கவில்லை போலிருக்கிறது.

தையற்காரரிடம் டப்பாவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "நான்தான் தேறிட்டேனே சார், அம்மா சாப்பிடட்டும்" என்றார். தங்கமான மனுஷன். அடுத்த டப்பா வந்ததும் மாற்றிவிடுவோம். அதற்குள் நீயாக வாயைத் திறந்தால் சரி.

உன் கணவன் (காகிதத்தில்)


பிப்ரவரி 2

உங்களுக்கு,

இது கைக்கு வருவதற்கு முன்னாலேயே நர்ஸ் உங்கள் வீட்டுக்கும் தையற்கடைக்கும் வந்து போயிருப்பார். நீங்கள் எழுதியதை அப்படியே மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டேன். கணவர் எழுதியது என்று மடித்து உள்ளே வைக்க என்னால் முடியாது. தயவுசெய்து மாற்றாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் ரத்தத்தைப் பார்த்து அளவு வைத்திருக்கிறார்கள். விளையாட்டில்லை.

உங்கள் மேல் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அத்தை தேறவேண்டும் என்பது உங்கள் ஆசையா, நான் மாட்டவேண்டும் என்பதா?

இன்னொன்று. சொல்லாதே என்று அத்தை கேட்டுக்கொண்டதால் இதுவரை சொல்லவில்லை. சேருவதற்கு முன்பு எனக்குப் போன் செய்தார். "நீ கண்டுபிடிச்சதாடி" என்று கேட்டார். நான் மட்டுமில்லை, பலர் சேர்ந்து என்றேன். "உன் பங்கு இருக்கில்ல, அது போதும்" என்று வைத்துவிட்டார்.

நான்


மார்ச் 8

டாக்டருக்கு,

நர்ஸ் வந்தார், டப்பாவைச் சோதித்தார், எனக்குப் பாடம் எடுத்தார். அம்மா அவர் முன்னாலேயே என்னைக் கிழித்தாள். "அவ படிச்சவ, அவளுக்குத் தெரியும். உனக்கு எதுக்குடா என் மாத்திரையில வேலை?" என்றாள். மருமகளை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. என் முதுகுக்குப் பின்னால் எத்தனை நாளாகப் பேசிக்கொள்கிறீர்கள்? இன்னும் என்னென்ன பேசினீர்கள்?

டப்பாவை மாற்றவில்லை. இனி மாற்றவும் ஆளில்லை. தையற்காரர் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மிஷின் மேல் சாய்ந்துவிட்டார். அமிர்தம் சாப்பிட்ட மனுஷன். வியாதி முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். வியாதி முற்றினவன் கடைத்தெரு வரை நடப்பானா? எதையோ மூடுகிறீர்கள்.

உன் கணவன் (காகிதத்தில்)


ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

இனி மூடி வைக்க எதுவுமில்லை.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். நடுவில் கணக்குப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு குழு உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு, இனி யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள். முதலில் நன்றாக இருப்பதுபோல் இருந்திருக்கிறது. பிறகு இதயத்தால் தாங்க முடியவில்லை.

பூட்டியிருந்த விவரத்தை நேற்றுத் திறந்தார்கள். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. அத்தைக்குப் போனது வெறும் மாத்திரை. தையற்காரருக்குப் போனது மருந்து. அவர் அதனால்தான் இறந்தார் என்று ஒரு தனி ஆளைக் காட்டிச் சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

இந்த மருந்துக்காகத்தான் நான் அந்த வீட்டைவிட்டு வந்தேன். நேற்றுச் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் போன பிறகு மேஜைகளைத் துடைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அத்தையை வேறு டாக்டரிடம் காட்டுங்கள். பெயரையும் முகவரியையும் தனியாக அனுப்புகிறேன்.

நான்


ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா மத்தியானம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே என் கையால் டப்பாவை மாற்றிக் கொடுக்க இருந்தேன்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. உனக்கு முன்பே தெரியும். மருந்தில் ஏதோ கோளாறு என்று உனக்குத் தட்டியிருக்கிறது. அதனால்தான் அம்மாவுக்கு வெறும் மாத்திரை போகும்படி பார்த்துக்கொண்டாய். மாற்றாதே என்று துடித்ததும், நர்ஸை ஓடிவரச் செய்ததும் அதற்குத்தான். மரமண்டை, எனக்கு உறைக்கவில்லை.

ஒப்புக்கொள்ள முடியாது உனக்கு, தெரியும். நான் எவரிடமும் மூச்சுவிட மாட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எங்களை நீ விட்டுவிட்டாய் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. அது எனக்குப் போதும்.

வந்துவிடு. உன் அலமாரியைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் கணவன்


ஏப்ரல் 19

உங்களுக்கு,

இப்படி ஒரு கடிதம் உங்களிடமிருந்து வராதா என்று காத்திருந்த வருஷங்கள் எனக்கு உண்டு. அலமாரியைப் பற்றி எழுதியிருந்த கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன்.

ஆனால் நீங்கள் எழுதியது நடக்கவில்லை. எனக்குத் தெரியாது. நர்ஸை அனுப்பியது அத்தைக்காக மட்டுமில்லை, தையற்காரருக்காகவும்தான். நீங்கள் நினைப்பதுபோல் முன்பே தெரிந்திருந்தால், மாமியாருக்குச் சுண்ணாம்பை ஒதுக்கிவிட்டு அந்த மனிதருக்கு மற்றதைக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட ஒருத்திக்கு அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறீர்கள். தெரியாது என்று உள்ளதைச் சொன்னவளுக்கு அதில் ஒரு தட்டுகூட இல்லை.

என்னைப் பழிவாங்குகிறவள் என்று நினைத்தீர்கள், பொறுத்துக்கொண்டேன். இந்த நன்றியோடு என்னால் ஒரு நாள்கூட அந்த வீட்டில் இருக்க முடியாது. கோபத்தில் எழுதவில்லை. இனி நாம் கணவன் மனைவி என்ற பேச்சு வேண்டாம்.

கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டேன். மருந்து கெடுதல் செய்தது என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து, இறந்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் நேரில் சொல்லப்போகிறேன். முதலில் தையற்காரர் மனைவியிடம். கடையை இப்போது அவர்தான் திறக்கிறார் என்று அத்தை சொன்னார். என்னை உள்ளே விடுவாரா, தெரியாது.

மாடிக்கு ஏறி வரமாட்டேன். அத்தையால் படி இறங்க முடியாது. ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். கீழே தெருவில் நின்று அவரோடு பேசிவிட்டுப் போகிறேன். சத்தமாகப் பேசவேண்டாம், மூச்சு வாங்கும் என்று சொல்லுங்கள். நான் பேசுகிறேன், அவர் தலையை ஆட்டினால் போதும்.

உங்கள் அம்மாவின் மருமகள்