பால்காரி முதலில் யாருக்கு ஊற்றுகிறாள்?

என் அருமை மாப்பிள்ளை நாயகத்துக்கு,

எப்படி இருக்கிறாய்? அங்கே காலாற நடக்க இடம் உண்டா? சர்க்கரை, உப்பு என்று அங்கேயும் யாராவது உன் கையிலிருக்கிற வடையைப் பிடுங்குகிறார்களா? இல்லை, எல்லாம் விட்டாயிற்று, இனி என்ன கணக்கு என்று நிம்மதியாகத் தின்கிறாயா? பதில் வராது என்று தெரியும். கேட்காமல் ஆரம்பித்தால் நீ கோபப்படுவாய்.

எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்கு மூச்சு முட்டும், இவன் எப்படிக் கடுதாசி போடுகிறான் என்று நினைப்பாய். போனில் மைக்கை அமுக்கிவிட்டுப் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. இதையும் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை.

கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன். கோபுர வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. பாதியில் எழுந்து போனால் யார் எழுதினது என்றே உனக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே: பேச்சிக்கு அண்ணன், உனக்கு மச்சான், பூச்சந்தை லோடு ஆட்டோ சங்கரபாண்டி.

இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பேச்சியிடம் மட்டும் வாய் விட்டுவிடாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால், ஆடி மாதம் வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிற ஆடிச்சுற்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று போனில் அந்த மிருகம் பிடிக்கிற விளையாட்டை நீ ஏற்றிக்கொண்டாய் அல்லவா? நடந்தால்தான் அதில் முட்டை பொரியும், குஞ்சு வரும். தறி ஓட்டுகிற மனுஷன் போனைப் பார்த்துக்கொண்டே ரத வீதியைச் சுற்றுகிறானே என்று ஊரே சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் நானும் ஏற்றிக்கொண்டேன், அது வேறு கதை.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் பேச்சி உன் உடம்புக்காக வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றினாள். நீயும் கூடவே சுற்றினாய், சாமிக்குப் பாதி, முட்டைக்குப் பாதி. கொஞ்ச நேரத்தில் கால் வலிக்கிறது என்று மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாய். போனை அவள் கையில் திணித்து, “ஏட்டி, என் சுத்தையும் சேத்து நீயே சுத்திட்டு வந்துரு” என்றாய். அவளும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மேற்குப் பக்கம் திரும்பும்போது முட்டை வெடித்தது. உள்ளே இருந்து வந்ததுதான் பால்காரி. மாட்டுக் காது, இடுப்பில் செம்பு, அடிக்கத் தெரியாது, கடிக்கத் தெரியாது. “அண்ணே, இது ஒண்ணுக்கும் ஆகாது போலயே” என்று மண்டபத்தில் உன்னோடு உட்கார்ந்திருந்த என்னிடம் காட்டினாள். நீதான் வாங்கிப் பார்த்துக் குதித்தாய்.

இப்போது கேட்கிறேன். அந்தப் பால்காரி உண்மையில் யார் வயிற்றில் பிறந்தவள், மாப்பிள்ளை?

கோபுர வாசலில் வந்து நிற்கிற பெரிய மிருகங்களை நான்கு பேர் சேர்ந்துதான் அடிக்க முடியும், தனியாக அடித்தால் நம்மையே மிதித்துவிடும் என்று நீ எங்களைச் சேர்த்தாய். நான், மருந்துக்கடை செல்வி, வளைகுடாவிலிருந்து திரும்பிவந்து கடையநல்லூரில் சும்மா உட்கார முடியாமல் தவித்த சாகுல் பாய். எங்கள் மூன்று பேருக்குமே அடிக்கிற மிருகம்தான் வேண்டும். அப்போது நீ கோபுரத்தைப் பார்த்துக் கை நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“தேரு இழுக்க ஊரே வரும் வே. சக்கரத்துக்குக் கட்டை போட ஒருத்தன் வேணும்லா? இழுக்கவனுக்குத் தண்ணி குடுக்க ஒருத்தன் வேணும்லா? நாலு பேரும் வடத்தையே பிடிச்சா தேரு எவன் வீட்டுக்குள்ளயாவதுதான் போய் நிக்கும்.”

அதன்படி என் கருப்பனும் செல்வியின் நெருப்புச் சிட்டும் இழுக்கிறவர்கள். பாயின் கல்லாமை குறுக்கே நின்று அடி வாங்கும், அது கட்டை. பால்காரி உயிர் குறைகிறவனுக்குப் பால் ஊற்றும். தூங்குமூஞ்சிப் பாறைப்பூதம், றெக்கை வைத்த மீன், எத்தனையோ சாய்த்தோம். சாய்க்கிற அன்றைக்கு உனக்கு ஒரு வடை, பேச்சிக்குத் தெரியாமல்.

அப்புறம் நீ போய்விட்டாய். தறிக்கூடத்திலிருந்து நேரே.

கொஞ்ச காலம் நாங்கள் மூன்று பேரும் வாசலில் கூடவே இல்லை. கூடின அன்றைக்கு இரும்பு நண்டு வந்திருந்தது. சேர்ந்து அடிப்பதற்கு விளையாட்டுக்குள் நான் அறை திறந்தேன். என் பெயர், அதற்குக் கீழே பாய், அதற்குக் கீழே செல்வி. நான்காவது இடம் காலி. சரி, அடி வாங்கிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று இருக்கும்போது அந்தக் காலி இடத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. நாயகம். பக்கத்தில் பால்காரி, அதே செம்போடு.

செல்வி போனைக் கீழே போட்டுவிட்டாள். “அண்ணாச்சி, என்ன அண்ணாச்சி இது? கருமாதிச் சாப்பாடு நானும்லா சாப்பிட்டேன்!”

பாய் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “யாரோ மனுசப்பிறவிதான் புள்ள. ஜின்னுக்கு நெட் பேக் யாரு போட்டு விடுவா?”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. யாரைப் பார்த்தாலும் திருடன் மாதிரியே தெரிந்தது. செல்வி உன்னிடம் பால்காரியை மாற்றிக் கேட்டவள்தானே? நீ மறுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே? அவள் பயந்தது நடிப்போ? பாய்க்குப் போன் விவரமெல்லாம் அத்துப்படி. அவர் ஏன் பயப்படவே இல்லை? உன் பெயருக்குள் புகுந்துகொண்டு, நீ பிடித்த மிருகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடத்துகிறார்களோ? ஆட்டோவில் மல்லிகை வாடுவதுகூடத் தெரியாமல் இதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன்.

பேச்சியிடம் போய்க் கேட்டேன். “ஏட்டி, அவன் போன் எங்க?”

“பீரோவுல கெடக்கு. சார்ஜும் இல்ல ஒண்ணும் இல்ல. என்னத்துக்கு?” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதையும் மனசில் போட்டுக்கொண்டேன்.

இது போதாது என்று அவள் தெருக்காரி ஒருத்தி டீக்கடையில் என்னை மறித்தாள். “அண்ணாச்சி, சொல்லக் கூடாது. ஒங்க தங்கச்சி சாயங்காலம் ஆனா மாவு மில்லுக்குன்னு தூக்குவாளிய எடுத்துட்டு வருதா. மாவு திரிக்கல. தேரு பக்கத்துல போனும் கையுமா நிக்கா. யாரு கூடப் பேசுதாளோ?” “பேசுனா ஒனக்கென்ன?” என்று அனுப்பிவிட்டேன். ஆனால் யாரோடு பேசுகிறாள் என்று நானும் யோசித்தேன்.

ஒன்று மட்டும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அது நீ இல்லை. நீ ஊற்றுகிற பால் வேறு. யார் சாகப்போகிறானோ அவனுக்குத்தான் முதலில் ஊற்றுவாய். இந்தப் பால்காரி அப்படி இல்லை. முதலில் எனக்கு. அடுத்தது பாய்க்கு. அடுத்தது செல்விக்கு. மறுபடியும் எனக்கு. என் கருப்பன் ஒரு கீறல்கூட இல்லாமல் முழு உயிரோடு நிற்பான், அவனுக்கும் ஒரு செம்பு. பக்கத்தில் சிட்டு துடித்துக்கொண்டிருக்கும், வரிசை வந்தால்தான் அதற்கு. தனக்கு ஊற்றிக்கொள்வதே இல்லை. ஆகவே நண்டுக்குக் கடைசிக் கொஞ்சம் உயிர் இருக்கும்போது பால்காரி சுருண்டு விழும். அவள் விழுந்ததும் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக விழுவோம். ஒவ்வொரு தடவையும் இதே கதை.

“இது பேயாவே இருந்தாலும் ஆடத் தெரியாத பேய்” என்றாள் செல்வி.

போன வாரம் உனக்கு மாதத் திதி. “அவுக கூட வெளையாடுனவுகளையும் சாப்பிடக் கூட்டிட்டு வாங்கண்ணே” என்று பேச்சியே சொன்னாள். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம், ஏன் சொல்கிறாள் என்று. போனோம். கூடத்தில் இலை போட்டாள். முதல் இலையில் நான், அடுத்தது பாய், அடுத்தது செல்வி.

எனக்குச் சாம்பார் ஊற்றினாள். பாய்க்கு ஊற்றினாள். செல்விக்கு ஊற்றினாள். திரும்பி வந்தாள். என் இலையில் சாம்பார் குளம் கட்டி நிற்கிறது.

“போதும்ட்டி, வழியுது பாரு.”

“வரிசையில வர்றப்ப ஒரு எலையத் தாண்டிப் போவாவளாண்ணே?” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். செல்வி இலையில் சாம்பார் தீர்ந்து வெறும் சோறு கிடக்கிறது, “அக்கா, இங்கன கொஞ்சம்!” என்கிறாள். “இருட்டி, வாரேன்” என்று பாய்க்கு ஊற்றிவிட்டுத்தான் அவளிடம் போனாள்.

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது, மாப்பிள்ளை.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பாயும் செல்வியும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். “நீ எப்ப சாப்பிடுவ?” என்று கேட்டேன். “எல்லாரும் ஆகட்டும்” என்றாள். நாங்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, தெருவுக்கு வருகிறவரை அவள் சாப்பிடவில்லை. சட்டியில் மிச்சம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

தெருவில் வைத்து செல்வி முடிவாகச் சொன்னாள். வாசுதேவநல்லூரில் அவள் கொழுந்தனாரிடம் மூன்று கொம்பு மிருகம் ஒன்று இருக்கிறதாம், ஒரே முட்டில் நண்டு ஓடு பிளந்துவிடுமாம். “அடுத்த ஞாயித்துக்கெழமையும் தோத்தோம்னா அந்தப் பேரத் தூக்கிட்டு அவுகளச் சேத்துருவோம் அண்ணாச்சி. செத்தவுக பேர வச்சிட்டு ஆட எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.” பாய் தாடியைத் தடவிக்கொண்டு, “அண்ணாச்சி சொல்லட்டும்” என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அது என் தங்கச்சி என்று சொல்லவா? சொன்னால் நாளைக்கே அந்தப் போன் நிஜமாகவே பீரோவுக்குள் போய்விடும். புருஷன் போய் வருஷம் திரும்பாத வீட்டுப் பொம்பளை தெருவில் நின்று போன் ஆடுகிறாள் என்று நாலு பேர் சொல்வதற்கு முன்னால் அவளே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். சாயங்காலம் வெளியே வருகிற அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

இதோ உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது. தேர் நிற்கிற தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் தூக்குவாளியோடு நிற்கிறாள். வருஷம் திரும்பவில்லை என்று கோயில் வாசலுக்கு வராமல் அங்கேயே நிற்கிறாள். விளையாட்டு அங்கிருந்தே எட்டுகிறது போல. நான் இங்கே இருப்பது அவளுக்குத் தெரியுமா? சாம்பாரில் நான் கண்டுபிடித்தது தெரியுமா? தெரிந்துகொண்டுதான் வேண்டுமென்றே இன்னொரு கரண்டி ஊற்றினாளா? எங்கள் வீட்டுப் பொம்பளைகளை நம்ப முடியாது.

உன்னையும் நம்ப முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சாயங்கால ஷிப்ட் இருந்த வாரமெல்லாம், “தறிக்கூடத்துல நின்னே ஆடிருவேன் மச்சான், அங்கனயே எட்டுது” என்பாய். தறி ஓடும்போது இழை அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டிய மனுஷன், எந்தக் கையால் போனில் பால் ஊற்றினாய்? அந்த வாரங்களில் பால் வரிசையாக வந்ததா, வரிசை தப்பி வந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. றெக்கை மீனை நாம் சாய்த்தது உன் ஷிப்ட் வாரத்தில்தானே? அன்றைக்கு வடையை வாங்கித் தின்றது நீ. நண்டிடம் தோற்கிற பேச்சி கையா அன்றைக்கு மீனைச் சாய்த்தது? மீன் மெதுவாக அடிக்கும், வரிசையாக ஊற்றினாலும் தாங்கும். அப்படித்தான் இருக்கும். திருடா.

சரி, இன்றைக்கு நான் செய்யப்போவதைக் கேள். அறை திறக்கிறவன் பெயர்தான் முதலில் வரும். இத்தனை நாளும் நான்தான் திறந்தேன், அவள் கடைசியாக வந்து கடைசி இலையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு நான் திறக்கமாட்டேன். வாசலில் நிற்கிற பாயிடமும் செல்வியிடமும், “யாரும் தொறக்காதிய, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவைத்திருக்கிறேன். “என்னத்துக்கு அண்ணாச்சி?” என்று செல்வி கேட்டாள். “நேரம் சரியில்ல” என்றேன். பாய் என்னைப் பார்த்தார், தேர்ப் பக்கம் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியுமோ? எப்போதிருந்து?

நாங்கள் திறக்காவிட்டால் அவள் திறந்துதானே ஆக வேண்டும்? அவள் திறந்தால் அவள்தானே முதல் இலை? வரிசை தப்பாதவள், முதலில் தன் பால்காரிக்கு ஒரு செம்பு ஊற்றித்தானே ஆக வேண்டும்? இல்லை, அப்போதும் தன்னைத் தாண்டிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவாளா? அதுதான் எனக்குச் சந்தேகம்.

நேரமாகிறது. அவள் போனைப் பார்க்கிறாள், கோபுரத்தைப் பார்க்கிறாள், மறுபடி போனைப் பார்க்கிறாள். செல்வி நகத்தைக் கடிக்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. நண்டு விழுந்தாலும் சரி, நாங்கள் விழுந்தாலும் சரி, அந்தப் பெயரை நான் தூக்கமாட்டேன். வாசுதேவநல்லூர் மூன்று கொம்பு வந்தால் என் இடத்தில் வரட்டும், நான் டீ குடித்துக்கொண்டு பார்க்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டேன். அவளாகச் சொல்கிற அன்றைக்குச் சொல்லட்டும். இன்றைக்கு ஜெயித்தால் வடை வாங்கி, தூக்குவாளியில் போட்டுக் கொடுத்துவிட்டு, மாவு மில் பக்கம் வந்தியா என்று மட்டும்

“அண்ணாச்சி! ரூம் தொறந்துட்டு! மேல யாரு பேருன்னு பாருங்க, சீக்கிரம் வாங்க!”

இரு மாப்பிள்ளை, பாய் கூப்பிடுகிறார். முதல் செம்பு யாருக்கு என்று பார்த்துவிட்டு வந்து