அடுக்களை வகுப்பில் முதல் பெயர்

பாறசாலை,
1954 ஆவணி

பிரியமுள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே சோறு வாய்க்குப் பிடிக்கிறதா?

சரோஜத்தைச் சேர்க்க மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். "தமிழ் வகுப்புக்குப் பிள்ளையளு எண்ணம் தெகயல்ல, மலையாள வகுப்புல இருத்தலாம்" என்றார் பெரிய சார். எனக்கு மலையாளத்தோடு பிணக்கில்லை. அதை அவள் தெருவிலேயே படித்துவிட்டாள். அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அடுக்களைதான் வகுப்பு. மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே பாடம் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

காலையில் சரோஜம்தான் பேர் கூப்பிடுவாள். முதல் பேர் உங்களுடையது. நான் "லீவு" என்பேன். நீங்கள் எஸ்டேட்டுக்குப் போயிருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நேற்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பா எஸ்டேட்டுக்கு ஒண்ணும் போவல்ல. நமக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்டு ஜெயில்ல இருக்காவ. ஆஜருண்ணு சொல்லணும்."

சொன்னேன், அத்தான். இனி தினமும் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்களுக்கும் சேர்த்து ஆஜர் சொல்கிறவள்