பவியா இறங்கின வீடு

அன்புள்ள மகள் அமாலியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் பதினோரு நாய்களும் சுகம். அங்கே நீயும் தோர்பெனும் குழந்தையும் சுகமாயிருக்கக் கடவுள் துணையிருக்கட்டும், அந்த வேண்டுதலில் இன்றும் மாற்றமில்லை. இங்கே இருட்டு மாதங்கள் முடிந்து வெயில் மலைக்கு மேல் வந்துவிட்டது, கடல் நன்றாக உறைந்திருக்கிறது. சகேயுஸ் தினமும் பனிச்சறுக்கு வண்டியில் நாய்களைப் பூட்டிக்கொண்டு போய்ப் பனியில் துளை போட்டு ஹாலிபட் மீன் பிடித்து வருகிறார், தலைகளை நம் நாய்களுக்குப் போடுகிறார். இருபது வருஷம் உன் அப்பாவோடு தூண்டில் கயிறு இழுத்தவர், போன மார்ச்சில் பனி பிளந்து அப்பா கடலுக்குள் போனபோது வண்டி வாரை அறுத்து நாய்களை மீட்டவரும் அவர்தானே.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் மறுபடி நம்பிவிடுவேன், அதனால்தான். வயிற்றில் பிள்ளை இருந்தபோது நீயாகத்தான் சொன்னாய், பையன் பொறந்தா பவியான்னு அப்பா பேர்தாம்மா, தோர்பென்கிட்டயும் சொல்லிட்டேன் என்று. பெயரை வாங்கின பிள்ளையில்தான் போனவர் திரும்பி வருவார் என்பது அந்த டென்மார்க்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குமா தெரியாது? என் அத்தை பெயரை வாங்கினவள் நீ, நாலு வயது வரை உன்னை அத்தை என்றுதானே கூப்பிட்டேன். டிசம்பரில் பையன் பிறந்தான் என்று தெரிந்ததும் மூன்று கேக் சுட்டு ஊரையே கூப்பிட்டுக் காபி ஊற்றினேன். வந்தவர்களெல்லாம் என் கையைக் குலுக்கி, வீட்டுக்காரர் வந்துட்டாராமே, இந்தத் தடவையாவது குறட்டை விடாம தூங்கச் சொல்லு என்று கேலி பண்ணினார்கள். அடுத்த வாரமே சகேயுஸின் மகள் ரெகீனேவுக்கும் பையன் பிறந்தான். எங்க புள்ளைக்கும் பவியான்னு வைக்கட்டுமா அக்கா என்று சகேயுஸ் வந்து கேட்டார். முதலில் என் மகள் பிள்ளைக்கு ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன், அவர்களும் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டுக் காத்திருந்தார்கள்.

ஏழு வாரம் அமாலியா. என் பவியா எப்படியிருக்கார் என்று நான் கேட்கும்போதெல்லாம், அப்பா நல்லா தூங்குறாரும்மா, இந்தா நீயே பேசு என்று போனை அவன் காதில் வைத்தாயே, நான் என்ன பேசினேன் தெரியுமா? அப்பா போன அன்று காலையில் எங்களுக்குள் சண்டை, காபிகூடப் போட்டுக்கொடுக்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். யாரிடமும் சொல்லாததை அந்தக் காதில் சொல்லி அழுது மன்னிப்புக் கேட்டேன். மூச்சுச் சத்தம் கேட்டது, மனம் இறங்கிவிட்டார் என்று நினைத்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். போன வெள்ளிக்கிழமை ரெகீனே தன் போனில் உங்கள் ஞானஸ்நானப் படத்தைக் காட்டினாள். கேக் மேல் நீலக் க்ரீமில் மாக்னுஸ் என்று எழுதியிருக்கிறது. தோர்பெனின் அப்பா பெயர், அந்த மனுஷனோ உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து அதே கேக்கைத் தின்கிறார்! பெயரை மாற்றிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுது ஓய்ந்திருப்பேன். இப்படி நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாயே. என் புருஷனிடம் சொல்ல வேண்டியதை யாரிடமோ சொல்லவைத்தாயே.

மறுநாள் நானே சகேயுஸ் வீட்டுக்குப் போய்ப் பெயரை எடுத்துக்கோங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்தாயிற்று. எப்ப வேணும்னாலும் வந்து அவரைத் திட்டிட்டுப் போங்க அக்கா, உங்க உரிமை என்றார் சகேயுஸ். உன் பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த சீல்தோல் காலணியை அவனுக்கே போட்டேன். சொல்ல வேண்டியதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து.

காய்ந்த ஹாலிபட் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் எடுத்துக்கொள். தோர்பெனுக்கு வாடை பிடிக்காவிட்டால் பால்கனியில் தொங்கவிடு. பால் கொடுக்கிறவள், வேளாவேளைக்குச் சாப்பிடு. மாக்னுஸ் என் பேரன், அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கடவுள் அவனுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், உனக்கும்தான். கோடையில் அவனைக் கூட்டிக்கொண்டு வா, வீடு உன் வீடுதான். உன் அப்பா மட்டும் இங்கே இல்லை. சகேயுஸ் வீட்டில் இருக்கிறார், ரெகீனேவிடம் கேட்டுவிட்டுத் தூக்கு.

உன் அம்மா,
பிர்கித்தே