பத்துக்கு ஆறு

ஜூலை 5, 2025, சனி

மதியம் ஒரு மலையாளப் படம். அண்ணனும் தம்பியும் ஒரே துறையில் ஆளுக்கொரு படகு ஓட்டுகிறார்கள். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படகில் ஏறும் ஆளிடம் சொல்லி அனுப்புகிறார்கள். சண்டை இல்லை, பாட்டு இல்லை, துடுப்புச் சத்தம்தான். நூற்றுக்கு 81 போட்டேன்.

படங்களின் பெயர் எனக்கு நிற்பதில்லை. ரிட்டயர் ஆகும்வரை வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளைக்கூட முதல் மாதம் ‘ஜன்னலோரம்’, ‘ரெட்டைப் பின்னல்’ என்றுதான் மனத்தில் வைத்திருப்பேன். இது ‘படகுத்துறை’. வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஏற்ற படம். நடுவில் எழுந்துபோய் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் அண்ணன் தம்பி பேசியிருக்க மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு வாலிகண்டபுரத்திலிருந்து பொன்னாயி அம்மாவின் போன். மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனின் அம்மா. பொங்கலுக்கு வந்தபோது மகள் நந்தினியும் மாப்பிள்ளையும் அரியலூரில் எங்கள் டிவிக்கும் அங்கே அவர் டிவிக்கும் ஒரே ஓடிடி கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் போனார்கள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் இரண்டு வீட்டிலும் ஒரே படம். முடிந்ததும் போன்.

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் எங்களுக்குள் நாலே வாக்கியம்தான் இருந்தது. நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம், அங்க மழை உண்டா, இல்லை. ஐந்தாவது வாக்கியத்தைக் கொடுத்தது சினிமாதான்.

“படம் நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. ஆனா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வூட்டுல, ஒரே சட்டி கொழம்ப ஊத்தித் திங்கிறாங்க. பேச்சு வார்த்த இல்லாதவன் மொதல்ல அடுப்பத்தான் பிரிப்பான்.”

நான் கவனிக்கவே இல்லை. மார்க்கை 78 ஆக்கினேன்.

ஜூலை 12, சனி

தெலுங்குப் படம். ஒருவன் நாற்பது பேரை அடிக்கிறான். ஒருவன் அடி வாங்கும்போது மீதி முப்பத்தொன்பது பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். என் பள்ளியில் சத்துணவு வரிசைகூட இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. 35. அந்த ஒழுக்கத்துக்காகத்தான் பாஸ் போட்டேன்.

இவர் படம் முழுக்கத் தூங்கினார். கேட்டால், “கண்ண மூடிக்கிட்டுப் பாத்தேன்.” கதை கேட்டேன். “நல்லவன் ஜெயிச்சான்” என்றார். சரியாகத்தான் இருந்தது.

பொன்னாயி அம்மா இந்தப் படத்துக்குப் போனில் அரை மணி நேரம் சிரித்தார். நடுவில், “அதுக்கில்லீங்க சம்மந்தி...” என்றார். டீச்சரம்மா போய் முதல் தடவையாகச் சம்மந்தி. நான் காட்டிக்கொள்ளவில்லை. போனை வைத்ததும் இவரை எழுப்பிச் சொன்னேன்.

ஆவணி 15, ஞாயிறு, நந்தினிக்கு வளைகாப்பு. வாலிகண்டபுரத்தில், அவர்கள் வீட்டில். சாதம் கட்டிப் போக வேண்டியது நாங்கள். இப்படியே போனால் நன்றாக நடக்கும்.

ஜூலை 17

சம்மந்தி சொல்வதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுதிக் கழுத்து பிடித்துக்கொண்டது. “அடுத்த படத்துக்கு நீங்களே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்களேன்” என்றேன்.

“நானா! கையெழுத்துப் போடுறதோட சரிங்க சம்மந்தி.”

“பேசுறத அப்படியே எழுதுங்க.”

பேச்சை மாற்றினார். ஆனால் மறுக்கவும் இல்லை.

ஜூலை 19, சனி

தமிழ்ப் படம். ‘வெங்காயக்காரி’ என்று வைத்துக்கொள்கிறேன். புருஷனை இழந்தவள், தனி ஆளாகச் சின்ன வெங்காயம் போடுகிறாள். நல்ல விளைச்சல். விலை ஏறட்டும் என்று தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தி வைக்கிறாள். விலை வருகிறது. வியாபாரியைக் கூட்டி வந்து தார்ப்பாயை இழுத்தால் எல்லாம் அழுகிக் கிடக்கிறது. அப்படியே உட்கார்ந்து அழுகிறாள். நாலு நிமிடம், ஒரு வசனம் இல்லை. நானும் அழுதேன். இவர்கூட அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

92. இந்த வருடம் நான் போட்ட அதிக மார்க்.

ஐந்து மணிக்குப் போன் வரவில்லை. எழுதுகிறார் போலிருக்கிறது!

ஜூலை 20, ஞாயிறு

வந்தது! காலண்டர் தாளின் பின்பக்கம், நீல மையில். அழுத்தி அழுத்தி எழுதிய எழுத்து. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

“வெங்காயப் படம் பார்த்தேன். அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருக்கு. ஆனா வெங்காயத்த யாரும் அப்படி மூட மாட்டாங்க. அதனால அவ அழுவறப்ப எனக்கு அழுகை வரல. மத்தது எல்லாம் நல்லா இருக்கு. இப்படிக்கு பொன்னாயி.”

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நான் துண்டு நனைய அழுத இடம் அது.

போனிலேயே போட்டோவின் மேல் எழுத ஒரு வழி இருக்கிறது. அதில் சிவப்பு நிறமும் இருக்கிறது. முப்பத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. ஓரத்தில் எழுதினேன்: ‘கருத்து உண்டு. காரணம் போதாது. வெங்காயத்தை மூடுவது கதைக்கு முக்கியமல்ல. இன்னும் முயற்சி செய்க.’ கீழே வட்டம் போட்டு 6/10. அனுப்பினேன்.

நல்ல மார்க்தான். முதல் தடவை எழுதுகிறவருக்கு நான் ஐந்துக்கு மேல் போட்டதே இல்லை.

ஜூலை 22

வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்துவிட்டது. பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

ஜூலை 26, சனி

மூன்று மணிக்கு ஒரு வரி வந்தது. ‘படம் பார்க்கலங்க டீச்சரம்மா. வேலை இருக்கு.’

டீச்சரம்மா.

நானும் படம் போடவில்லை. இவர், “டிவி ஓடலேன்னா எனக்குத் தூக்கம் வராதே” என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

நந்தினி போன். எடுத்ததுமே, “அம்மா, அத்தைக்கு மார்க் போட்டியா?”

“ஆறு போட்டேன்டி. நல்ல மார்க்...”

“ஐயோ அம்மா! அவங்க எட்டாவதோட நின்னவங்க. எத்தன வருசம் கழிச்சு ஒரு பக்கம் எழுதிருக்காங்க தெரியுமா? எழுதிட்டு, அவங்க வெங்காயப் பட்டறையில வேலை செய்யுற பொம்பளைங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டிருக்காங்க. டீச்சரம்மா கேட்டாங்க, அதான் எழுதினேன்னு. உன் பதில் வந்ததும் எல்லாரும் சுத்தி நின்னு ‘படிங்க, படிங்க’ன்னாங்களாம்.”

“படிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“பின்ன? சத்தமா. ‘இன்னும் முயற்சி செய்க’ வரைக்கும்.”

பிறகு மெல்லிய குரலில் சொன்னாள். “வளைகாப்பு அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா, நான் யாரு பக்கம் திரும்பி வளையல் போட்டுக்கிறது?”

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்! கேட்டதும் நான். எழுத வைத்ததும் நான். அவர் நீட்டியது ஒரு கடிதம். நான் அதை விடைத்தாள் என்று வாங்கிக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். “எனக்கும்தான் முப்பத்திரண்டு வருசமா மார்க் போடுற. நான் என்ன பேசாமயா இருந்துட்டேன்?” என்று கேட்டார்.

“நீங்க தூங்கிடுறீங்க.”

“அதான் வழி” என்றார்.

ஜூலை 30

போனில் மன்னிப்புக் கேட்கலாமா? விக்கிரமங்கலம் பள்ளியில் ஒரு தடவை, செய்யாத தப்புக்கு ஒரு பெண்ணை வகுப்பு முன்னால் திட்டிவிட்டேன். தனியாகக் கூப்பிட்டு, “தப்பு என்மேலதான்” என்றேன். அவள், “அவங்களுக்கெல்லாம் தெரியாதே டீச்சர்” என்றாள். மறுநாள் வகுப்பு முன்னால் சொன்னேன். நாற்பது பேர் பார்க்கச் செய்ததை நாற்பது பேர் பார்க்கத்தான் சரிசெய்ய முடியும்.

நாளைக்குப் போகிறேன். படபடப்பாக இருக்கிறது, இன்ஸ்பெக்‌ஷன் நாள் மாதிரி.

ஜூலை 31, வியாழன்

காலை ஏழு மணி பஸ். பெரம்பலூரில் மாறி வாலிகண்டபுரம். இவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

பொன்னாயி அம்மா வீட்டில் இல்லை, வெங்காயக் காட்டில் இருக்கிறார் என்றார்கள். நடந்தேன். வெங்காயத்தைச் சேர்த்து வைக்கும் பட்டறையை நான் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கிட்டே போனால் ஆள் உயரத்துக்கு மேலே, நீளமாக, தரையில் படாமல் கல் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறது. பக்கமெல்லாம் குச்சிப் படல், மேலே கூரை. முன்னால் ஆறேழு பெண்கள் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பொன்னாயி அம்மா எழுந்தார்.

“வாங்க டீச்சரம்மா. உக்காருங்க. ஏ, யாராச்சும் தண்ணி குடுங்கடி.” மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நின்றபடியே சொன்னேன். “நான் போட்ட மார்க்க உங்க எல்லார் முன்னாடியும் படிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் மார்க் போட்டது தப்பு. அவங்க பிரியமா எழுதி அனுப்பினாங்க, நான் திருத்தி அனுப்பினேன். அதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

ஒரு வயதான அம்மா தலையைத் தூக்கி, “ஏங்க டீச்சரு, ஆஞ்சு வச்சிருக்கமே, எங்களுக்கு எம்புட்டுப் போடுவீங்க?” என்றார்.

“சத்தியமா போட மாட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாயி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “இங்க வாங்க” என்று என் கையைப் பிடித்துப் படல் ஓரமாகக் கூட்டிப் போனார்.

“கைய உள்ள வைங்க.”

வைத்தேன். வெளியே வெயில் காய்கிறது. உள்ளே வெங்காயத்துக்கு நடுவில் குளுகுளுவென்று காற்று போய்க்கொண்டிருந்தது.

“மேல கூரை, கீழ சந்து, நாலு பக்கமும் காத்து. இது மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். இறுக்கி மூடுனா நாலு நாள்ல புழுங்கி நாறிப் போயிடும். இது எங்க ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்தப் படத்துல வர்றவ பொறந்ததுலேருந்து வெங்காயம் போடுறவங்கிறாங்க. அவ மூடுவாளா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “மூட மாட்டா.”

“அப்ப ஏன் மூடுனா? கடைசியில அழுவணும்ல, அதுக்கு. அவளா அழுவலீங்க. அழ வச்சிருக்காங்க.”

நாலு நிமிட அழுகைக்கு 92 போட்ட நான் படலுக்குள் கையை வைத்தபடி நின்றேன். இதைவிட நல்ல காரணத்தை முப்பத்தாறு வருடத்தில் ஒரு விடைத்தாளிலும் பார்த்ததில்லை. நாற்பது வருடம் வெங்காயம் போட்டவரிடம் ‘வெங்காயத்தை மூடுவது கதைக்கு முக்கியமல்ல’ என்று எழுதியிருக்கிறேன்!

“மறுமதிப்பீடு பண்றேங்க. பத்துக்குப் பத்து.”

“வேணாம். இப்ப பத்து போட்டீங்கன்னா ஐஸ் வைக்கிறீங்கன்னு அர்த்தம். ஆறு ஆறாவே கெடக்கட்டும்.”

மதியம் சோறு போட்டார். ரசத்தை மறுபடி மறுபடி ஊற்றினார். கிளம்பும்போது ஒரு பை நிறைய வெங்காயம். “பாத்துப் போங்க டீச்சரம்மா.”

இன்னும் டீச்சரம்மாதான். ஆனால் பஸ் கிளம்பும்வரை நின்றார்.

ஆகஸ்ட் 1

இரண்டு டம்ளர் வெங்காயம் உரித்து சாம்பார். மீதியைக் கூடையில் கொட்டி ஜன்னல் ஓரம் வைத்தேன். இவர் ஒரு தட்டால் மூடப் போனார். ஒரு பாடமே நடத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

‘வெங்காயக்காரி’யை மறுபடி போட்டுப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அவள் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் இடத்தில், “ஏம்மா மூடுற!” என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். இவர் திடுக்கிட்டு எழுந்தார்.

64. நடிப்புக்கு மட்டும்.

சம்மந்திக்கு எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு முழுப் பக்கம், நீல மையில். கீழே மார்க்குக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பதில் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டு மணிக்குப் போன். “இன்னிக்கு என்ன படம்?” வணக்கம்கூட இல்லை!

இந்தியில் ஒன்று. ஒரு கிழவர் தன் எண்பதாம் பிறந்த நாளுக்கு, பழைய சண்டைக்காரர்களை எல்லாம் விருந்துக்குக் கூப்பிடுகிறார். எனக்கு 85. சம்மந்திக்கு ஒரு சந்தேகம், “பந்தியில எல போட்டுட்டு அரை மணி நேரம் பேசிக்கிட்டே நிக்கிறாங்க. எல காஞ்சிடாது?”

எனக்கு 83.

ஆகஸ்ட் 23, சனி

படம் இல்லை. சம்மந்தியோடு போனில் இரண்டு மணி நேரம் வளைகாப்புச் சாதக் கணக்கு. எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல், புளி. புளிசாதம் என் கைப்பக்குவம், வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்றேன். “பாக்கலாம்” என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நந்தினிக்கு முகம் உருண்டு போயிருக்கிறது, அவ்வளவு அழகு. ஒரு கைக்கு நான் வளையல் போட்டேன், மறு கைக்கு அவர். அவள் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பட்டறைப் பெண்கள் வந்திருந்தார்கள். அந்த வயதான அம்மா என்னைக் காட்டி, “மார்க்கு டீச்சரு” என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார்.

நந்தினியைக் கூட்டிக்கொண்டு அரியலூர் வந்து சேர இருட்டிவிட்டது. பாத்திரங்களைப் பிரிக்கவில்லை. நாளைக்கு.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் தூக்குகளைக் கழுவ எடுத்தேன். எல்லாம் அங்கேயே கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். புளிசாதத் தூக்கு மட்டும் கனமாக இருந்தது. திறந்தால் சின்ன வெங்காயம். அதன்மேல் மடித்த காலண்டர் தாள். எங்கே பிடித்தாரோ, சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

‘புளிசாதம். 6/10. இன்னும் முயற்சி செய்க.’

நந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் உடனே போன் போட்டேன்.

“காரணம் போதாதே!”

“சனிக்கிழம படம் பாத்துட்டுச் சொல்றேன் சம்மந்தி” என்றார். “அதுவரைக்கும் நெனச்சுக்கிட்டே இருங்க.”

எண்ணெயா, புளியா? உப்பு சரியாகத்தான் இருந்தது.