தண்ணீருக்கு ஓர் ஆள்

2008 ஜூன் 3, செவ்வாய்

பத்திரிகை ஆசிரியர் இன்று என்னைப் பொலிஸ், நீதிமன்றச் செய்திகளிலிருந்து எடுத்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு வாரமலருக்கு எழுதுங்கோ, மிஸ். ஒருத்தருக்கும் கோபம் வராத விசயமாப் பார்த்து" என்றார். இத்தனை வருடம் செய்தி எழுதியவளுக்கு அப்படியொரு விஷயம் கொழும்பில் எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. தேடிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நிலாம் என்பவரின் கம்பியூட்டர் கடை. இருட்டிய பிறகு வெளியே திரிய விரும்பாதவர்கள் இங்கே கம்பியூட்டருக்குள் திரிகிறார்கள். அதிகம் பேர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் விளையாடும் விளையாட்டுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'கோட்டை'. நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடிக்கவேண்டும். நெருப்பு, தண்ணீர், மண், காற்று, மின்னல் என்று ஐந்து வகைப் பாத்திரங்கள். ஆளுக்கு ஒன்று. ஒரே வகையை இரண்டு பேர் எடுத்தாலும் தடையில்லை.

நிலாமின் மனைவி ஸமீமா கல்லாவில் இருந்தபடியே மின்னலாக விளையாடுகிறார். நிலாம் காற்று. சிவானந்தன் நெருப்பு, யாழ்ப்பாணத்து ஆள், பாமன்கடையில் அறை எடுத்திருக்கும் படவரைஞர். நாலாவது ஆளும் நெருப்புத்தான், அது யார் வந்தாலும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே மூன்று தரம் தோற்றார்கள்.

எழுதவேண்டுமென்றால் விளையாடிப் பார்க்கவேண்டும் என்று நிலாம் சீடியைப் பெட்டியோடு தந்துவிட்டார்.

ஜூன் 7, சனி

கோட்டையின் முதல் வாசலிலேயே செத்துப்போகிறேன். ஐந்தாம் தரம் செத்தபோது பின்னால் ஹியூபேட் நின்றான். "அக்கா, எழும்பு" என்றான். எழும்பினேன், என் இடத்தில் அவன் உட்கார்ந்தான். இந்த மாதம் அவன் தானாக என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

என் தம்பி துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞன். போன வருட நாட்குறிப்பில் ஜூன் மாதத்துப் பக்கமொன்றில் ஒரே ஒரு வரி இருக்கிறது: ஹியூபேட் வீட்டில் இல்லை. பொலிஸார் விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இந்த ஜனவரியில், குற்றம் ஒன்றுமில்லையென்று விட்டார்கள். அன்றிலிருந்து அவன் வீட்டுக் கேற்றைத் தாண்டவில்லை. பூசைக்கும் இல்லை, சலூனுக்கும் இல்லை. தலைமயிரை நான்தான் வெட்டுகிறேன், கோணலாக. கந்தோரில் நல்லவர்கள். செப்டெம்பர் முதலாம் தேதி வந்தால் அவனுடைய கதிரை அவனுக்கு, வராவிட்டால் வேறு ஆளை எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

கேற்றிலிருந்து பஸ் தரிப்பிடம் தெரியும். அவ்வளவு கிட்ட.

ஜூன் 19, வியாழன்

வீட்டில் தனியாக விளையாடினால் நான்கு பாத்திரங்களையும் ஒருவரே மாற்றி மாற்றி நடத்தலாம். ஹியூபேட் ஏழாவது வாசலுக்கு வந்துவிட்டான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். தண்ணீர் எதிரியை நனைக்கிறது. நனைந்தவன் மேல் மின்னல் விழுந்தால் அவன் அசைய முடியாமல் நிற்கிறான். நிற்கிறவனை நெருப்பு சுடுகிறது. காற்று நெருப்பைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொண்டுபோகிறது. ஒழுங்கு மாறினால் ஒன்றும் நடக்காது. நெருப்பை முதலில் விட்டால் தண்ணீர் அதை அணைத்துவிடும், அவ்வளவுதான்.

அரை மணித்தியாலம் கதைத்தான். நான் குறிப்பு எடுக்கவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

ஜூன் 28, சனி

நிலாம் கடை ஆட்கள் நுகேகொடைக் கடையொன்றின் அணியோடு விளையாடி மறுபடி தோல்வி. கோட்டையின் கடைசி அறையில் காவலன் நெருப்புக் கவசம் போட்டுக்கொள்வானாம். இவர்களுடைய இரண்டு நெருப்பும் அவனுக்கு வெந்நீரில் குளித்த மாதிரி. இன்னும் ஒரு நெருப்பு இருந்தால் வென்றிருக்கலாம் என்று சிவானந்தன் சொன்னதற்கு ஸமீமா, "ஓம், இன்னுமொரு அடுப்பு வெச்சா மழை நின்டுரும்" என்றாராம்.

வந்து ஹியூபேட்டிடம் சொன்னேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"நாலு பேரும் அடிக்கிற ஆக்கள். அடி வாங்க ஆர் இருக்கிறது?"

தண்ணீர்ப் பாத்திரம்தான் அதற்காம். முன்னால் போய் நின்று வாங்கும், பின்னால் நிற்பவர்களின் காயத்தையும் ஆற்றும். அது பெரிதாக ஒன்றும் அடிக்காது. அதனால் ஒருவருக்கும் அதை எடுக்க விருப்பமில்லை.

அடி வாங்குவதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. இன்று அவனே கதைத்தான் — விளையாட்டைப் பற்றித்தான்.

ஜூலை 6, ஞாயிறு

கட்டுரை வெளியானது. ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

ஜூலை 12, சனி

ஆகஸ்ட் 17ஆம் தேதி கொழும்புக் கடைகளுக்கிடையில் போட்டி. நிலாம் போன் எடுத்தார், எனக்கல்ல, ஹியூபேட்டுக்கு. ஹியூபேட் சொன்னதை நான் கடையில் போய்ச் சொல்லியிருந்தேன்; தண்ணீருக்கு ஓர் ஆள் வேண்டுமாம். ஹியூபேட் ரிசீவரைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டான். பிறகு, "சொல்லித் தாறன். வரமாட்டன்" என்றான்.

அவன் போனால் அவர்கள் வெல்லுவார்கள். அது எனக்கு முக்கியமில்லை. அவன் வெள்ளவத்தைக்குப் போக முடிந்தால் துறைமுகத்துக்கும் போக முடியும். நான் யோசிப்பது அதை மட்டும்தான்.

ஜூலை 20, ஞாயிறு

வெளிக்கிட்டான். சேட் அயன் பண்ணி, சப்பாத்துப் போட்டு, அடையாள அட்டையை இரண்டு தரம் பார்த்து. கேற் வரைக்கும் வந்தோம். தெருமுனையில் ஆமிக்காரன் ஒருவன் கச்சான் கடலை தின்றுகொண்டு நின்றான். எங்களைப் பார்க்கவும் இல்லை. ஹியூபேட் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டதென்று குனிந்தான். அவிழவில்லை.

உள்ளே வந்து இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

ஆகஸ்ட் 2, சனி

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஒரு வான். அதிலிருந்து நிலாம், ஸமீமா, சிவானந்தன், மூன்று கம்பியூட்டர்கள், ஒரு சட்டி புரியாணி. யோசனை ஸமீமாவுடையது. "ஹியூபேட் அண்ணன் கடைக்கு வரமாட்டார்ன்டா கடை வரட்டும்" என்று சொல்லிவிட்டாராம். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கம்பியூட்டர்களை இறக்கித் திறந்து காட்டியிருக்கிறார்கள். புரியாணிச் சட்டியையும் திறந்தார்களாம். கொச்சிக்கடையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கோழிக்கால் ஒன்று குறைவு என்று நிலாம் சத்தியம் பண்ணுகிறார். சிவானந்தன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னறையில் வயர்கள். மேசை போதாமல் அம்மா விட்டுச்சென்ற தையல் மெஷினிலும் ஒரு கம்பியூட்டர். ஹியூபேட் முதலில் செய்தது அணியைக் கலைத்ததுதான். இரண்டு நெருப்பு வேண்டாம், ஒன்று போதும். சிவானந்தன் நெருப்பு, ஸமீமா மின்னல், நிலாம் காற்று, தான் தண்ணீர். சிவானந்தனுக்குத்தான் கஷ்டம். அவன் வாசல் திறந்ததும் ஓடிப்போய்க் கொளுத்துகிறவன். இப்போது எதிரி நனைந்து, மின்னல் விழும்வரை பொறுக்கவேண்டும்.

"அண்ணை, நான் அவ்வளவு நேரம் சும்மா நிக்கிறதோ?"

"சும்மா நிக்கிறதும் ஒரு வேலைதான், சிவா" என்றான் ஹியூபேட்.

பின்னேரம் கடைசி அறைக்குள் போனார்கள். காவலன் நெருப்புக் கவசத்தைப் போட்டான். ஹியூபேட் முன்னால் போய் நின்றான். அடி விழுந்தது, விழுந்தது, அவன் பின்வாங்கவில்லை. கவசம் நனைந்து அணைந்தது. ஸமீமா ஒரு மின்னல். பிறகு சிவானந்தன், பசித்தவன் சோற்றில் கை வைத்த மாதிரி.

கோட்டை விழுந்தது. ஹியூபேட் சிரித்தான். பல் தெரிய.

ஆகஸ்ட் 14, வியாழன்

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

சிவானந்தன் வேலை விஷயமாக மட்டக்குளிக்கு வந்துவிட்டு 155 பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்து ஹியூபேட்டுக்கு போன் எடுத்தான். அவன் சொன்னது, ஹியூபேட்டின் வாயால் கேட்டபடி:

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை கோட்டை எங்கட கையில. முதல்ல நீங்கள், பிறகு ஸமீமா. கடைசியா நான் கொளுத்திறன். உள்ளுக்க நிக்கிறவன் ஒருத்தனும் தப்பேலாது."

கொழும்பில், இந்த வருடத்தில், பஸ்ஸில், தமிழில். கோட்டை என்றால் இந்த நகரத்தில் ஒரே ஒரு கோட்டைதான் — ரெயில்வே ஸ்டேஷனும் துறைமுகமும் வங்கிகளும் இருக்கிற கோட்டை. இரண்டு மாதமாக அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தோம், ஒருவருக்காவது தோன்றவில்லை. சொற்களோடு பிழைக்கிற எனக்கும்தான். பின் சீட்டில் இருந்தவருக்குத் தமிழ் விளங்கியிருக்கிறது. அடுத்த சாவடியில் இறக்கினார்கள். ஹியூபேட்டுக்குக் கேட்ட கடைசிச் சத்தம், அடையாள அட்டையைக் கேட்கும் ஒரு குரல். பிறகு போன் நின்றுவிட்டது.

நிலாம் மூலம் எனக்குச் செய்தி வந்தபோது நான் பத்திரிகைக் கந்தோரில். தெரிந்த சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போனால் சுவரோரத்து மர வாங்கில் ஹியூபேட் உட்கார்ந்திருக்கிறான். மடியில் சீடிப் பெட்டி.

ஹியூபேட்! நான் அந்த இடத்திலேயே அப்படியே நின்றுவிட்டேன். நடந்தா வந்தாய்? ஆர் உன்னைக் கூட்டிவந்தது? ஒருவரும் கூட்டிவரவில்லை. போன் நின்றதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேற்றைத் திறந்து, சாவடியில் விசாரித்து வந்திருக்கிறான்.

நான் கட்டிய வாக்கியங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. அவன் ஏற்கெனவே சிங்களத்தில் சொல்லிவிட்டிருந்தான்: "மேக கேம் எக்கக், சேர்." இது ஒரு விளையாட்டு, சேர். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அந்த நிலையத்துக் கம்பியூட்டர் சீடியை விழுங்கி, யோசித்து, கடைசியில் ஒரு படம் காட்டியது: ஒரு கோட்டை, முன்னால் பாத்திரங்கள் வரிசையாக. இன்ஸ்பெக்டர் நெருப்பைத் தொட்டுக் காட்டி, சிவானந்தனைப் பார்த்தார். சிவானந்தன் தலையாட்டினான். மின்னலைத் தொட்டார், வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ஒரு நோனா என்றோம். நீலச் சட்டை போட்டதைத் தொட்டார்.

"வத்துர கவுத?" தண்ணீர் யார்?

ஹியூபேட் எழும்பி நின்றான். "மம, சேர்." நான்தான்.

அவனுடைய குரல் நடுங்கவில்லை. இதை நான் செய்திக்காரியாக எழுதுகிறேன், அக்காவாக அல்ல.

பாமன்கடை வீட்டுக்காரரை அழைத்து, அவன் அங்கே தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவைச் சரிபார்த்து, பின்னேரம் சிவானந்தனை விட்டார்கள். வாசலில் இன்ஸ்பெக்டர் கேட்டார், கடைசி அறையில் அந்தக் கவசத்தை எப்படிக் கழற்றுவதென்று. தன்னுடைய மகன் வீட்டில் அதே இடத்தில் நின்று அழுகிறானாம். ஹியூபேட் சொல்லிக்கொடுத்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஹியூபேட்டின் உத்தரவு: இனிமேல் கோட்டை என்ற சொல் இல்லை. அது 'பேக்கரி'. நெருப்பு 'போறணை', பாண் சுடுகிற அடுப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வென்றார்கள்!

காலையில் 155. மூன்று சாவடியில் இறங்கி ஏறினோம். இரண்டாவதில் ஹியூபேட்டின் நெற்றி வியர்த்தது; அட்டையை நீட்டிய கை நேராக இருந்தது. ஆறு மணிப் பூசைக்கும் போயிருந்தோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். சாமியார் அவனைக் கண்டு பிரசங்கத்தில் ஒரு வரி தவறவிட்டார்.

பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம், நல்ல கூட்டம். இறுதிச் சுற்றில் எதிரில் அதே நுகேகொடை அணி. நல்ல பெடியன்கள், மூன்று நெருப்பு. எந்த அணி முதலில் கோட்டையைப் பிடிக்கிறதோ அதற்கு வெற்றி. ஏழு வாசல் வரை அவர்கள் முன்னால். எங்கள் பக்கம் ஹியூபேட் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாசலிலும் எல்லோருடைய காயத்தையும் ஆற்றிவிட்டுத்தான் அடுத்தது. எனக்கு இருக்கமுடியவில்லை, நகத்தைக் கடித்தேன்.

கடைசி அறையில் அவர்களுடைய மூன்று நெருப்பும் கவசத்தின் மேல் விழுந்து விழுந்து ஓய்ந்தது. அப்போது இவர்கள் உள்ளே போனார்கள்.

"போறணை பொறு" என்றான் ஹியூபேட். முன்னால் போய் நின்றான். அடி வாங்கினான். "பொறு." கவசம் அணைந்தது. ஸமீமா மின்னலை இறக்கினார். "இப்ப போடு பாணை!"

சிவானந்தன் போட்டான். நிலாமின் காற்று ஊதி ஊதிக் கொடுத்தது.

நுகேகொடைப் பெடியன்களில் ஒருவன் வந்து ஹியூபேட்டின் கையைக் குலுக்கி, பாண் என்பது என்ன புதுத் தந்திரம் அய்யே என்று, அண்ணன் முறை வைத்துக் கேட்டான். ஸமீமா முந்திக்கொண்டு, அது குடும்ப ரகசியம் என்றார். கிண்ணத்தை நிலாம் கடைக்குக் கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டில் வைக்கவேண்டுமென்று ஸமீமாவின் தீர்ப்பு. தையல் மெஷினின் மேல் வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செய்தி எழுதிக் கொடுத்தேன். தலைப்பு: 'கோட்டை வீழ்ந்தது.' ஆசிரியர் கதிரையிலிருந்து எழும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மிஸ், எங்களை உள்ளுக்குப் போடப்போறீங்களோ?" என்றார்.

'கணினி விளையாட்டுப் போட்டி முடிவு' என்று வந்திருக்கிறது. நாலு வரி. ஹியூபேட்டின் பெயர் சரியான எழுத்துக்களில்.

ஆகஸ்ட் 30, சனி

சலூனுக்குப் போய்வந்தான். நான் வெட்டியதைப் பார்த்து, இது எந்தச் சிறையில் வெட்டியது என்று சலூன்காரர் கேட்டாராம். ஹியூபேட் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

செப்டெம்பர் 1, திங்கள்

வேலை முடிந்து நேரத்தோடு வந்தேன். ஹியூபேட் வீட்டில் இல்லை.

தேத்தண்ணீர் வைத்தேன். துறைமுகத்து பஸ் எப்போதும் பிந்தித்தான் வரும்.