என் யோசனையை மெடல் சொல்வான்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து குழந்தை எடைக்கு மணல் அடைத்த பொம்மையை உட்கார வைத்துக் குழந்தை வண்டியைப் படியில் ஏற்றி இறக்கினேன். இதுதான் வேலை. கம்பெனி செய்கிற வண்டி எங்கே உடையும் என்று உடைத்துப் பார்த்துச் சொல்வது. காலேஜை இரண்டாம் வருஷத்தில் பாதியில் விட்டவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது? அதற்கப்புறம் இரண்டு வேலையையும் விட்டாயிற்று. "இதையாவது விட்டுடாதடி, உன்னை இனிமே எங்க கொண்டுபோய்ச் சேர்க்கிறதுன்னே எனக்குத் தெரியல" என்கிறான் அண்ணன். மாதக் கடைசியில் நிரந்தரமா, வெளியேவா என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஜோடி போட்டுவிட்டார்கள். இந்த ஆபீசின் கிறுக்குச் சட்டம் இது: தன் யோசனையைத் தானே சொல்லக்கூடாது, ஜோடியாள்தான் எழுந்து சொல்லணும். சொந்தக்காரர் வாயைத் திறந்தால் யோசனை அவுட். "சத்தமா பேசுறவங்களே எப்பவும் ஜெயிக்கிறாங்க, அதான்" என்பது மேடத்தின் விளக்கம். முதலாளி அவர்.

எனக்கு வாய்த்தது மெடல். டிசைன் பிரிவு. காலேஜில் தங்க மெடல் வாங்கியவன். டீ ஆறிப்போச்சு என்று சொல்ல வந்தாலும் நடுவில் அந்த மெடலைக் கொண்டுவந்து வைப்பான்.

மார்ச் 7, வெள்ளி

என் யோசனையை அவனிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் எங்கள் மாடிப்படியில் அண்ணி பட்ட பாடு. இடுப்பில் குழந்தை, தோளில் பை. குனிந்தால் குழந்தை நழுவுது, நிமிர்ந்தால் வண்டி மடியல. கடைசியில் அழாத குறை. ஆகவே காலால் ஒரு மிதி, வண்டி மடிந்துவிடணும். குனியவே கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"தூங்குறீங்களா?"

"மனப்பாடம் பண்றேன்."

விளங்கிடும்.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்குக் கூட்டம்.

முதலில் நான் அவன் யோசனையைச் சொன்னேன். வண்டிக் கூரையைக் கழற்றித் துவைக்கலாம் என்பது. "குழந்தை வாந்தி எடுத்தா வண்டியையே பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறதா?" என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். தையல் பிரிவு அக்காமார் கைதட்டினார்கள். மெடலுக்கு முகமெல்லாம் பல்.

அடுத்து அவன் எழுந்தான். கண்ணை மூடினான். அன்றைக்கு எரிச்சலில் நான் சொன்னதை அப்படியே — ஒரு எழுத்து விடாமல், என் குரலிலேயே! "இந்த மேடம் ஒரு நாளாவது வண்டியை மடிச்சிருக்காங்களா? டிரைவர் இருக்காரு, மடிக்கிறாரு. இடுப்புல குழந்தையை வெச்சுக்கிட்டு மடிக்கச் சொல்லுங்க, அப்ப தெரியும் சேதி!"

நான் வாயைத் திறக்கக்கூடாது. சட்டம். தரை பிளக்காதா என்று உட்கார்ந்திருந்தேன்.

மேடம் எழுந்தார். மணல் பொம்மையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை மடிக்கக் குனிந்தார். பொம்மை தலைகுப்புற விழுந்தது.

"அடுத்து என்ன சொன்னா?" என்று மெடலைக் கேட்டார்.

"அடுத்தது கெட்ட வார்த்தை, மேடம்."

மேடம் சிரித்த சிரிப்பு வாசல்வரைக்கும் கேட்டிருக்கும். மாதிரி வண்டி ஒன்று செய்யச் சொல்லிவிட்டார்.

மார்ச் 15, சனி

மெடல் போன் செய்தான். "மாத்திச் சொன்னா அது உங்க யோசனை ஆகாதே?" என்கிறான். பாவி. கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே.

மார்ச் 26, புதன்

மாதிரி வண்டி வந்தது. மிதித்தேன், மடிந்தது. என் கால், என் வண்டி. ஆடாத குறைதான். மெடல் ஒரு கேரட்டை எடுத்துவந்து இருக்கைக்குப் பக்கத்தில் வண்டி மடிகிற பூட்டில் வைத்து, "இப்ப மிதிங்க" என்றான்.

கேரட் இரண்டு துண்டு.

"குழந்தையோட கை அங்கதான் தொங்கும்," என்றான் மெதுவாக.

எல்லார் முன்னாலும் சொல்லணுமா? தனியா கூப்பிட்டுச் சொன்னா வாய் வலிக்குமா? மெடல் வாங்கினவனுக்குத்தான் எல்லாம் தெரியும், பாதியில விட்டவ முட்டாள், அதான? பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். போதும். இனிமே போகமாட்டேன்.

அண்ணி பிள்ளையின் விரல் அந்தக் கேரட்டைவிடச் சின்னது.

மார்ச் 27, வியாழன்

போகவில்லை. அண்ணன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனான்.

சாயங்காலம் கதவைத் தட்டியது மெடல். மாதிரி வண்டியை மூன்று மாடி தூக்கி வந்திருக்கிறான், வேர்த்து ஊற்றுது. என்னைப் பார்க்கவே இல்லை. "அண்ணி, இதைக் கொஞ்சம் மடிச்சுக் காட்டுங்களேன்."

அண்ணி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு காலை நீட்டினாள். கால் போனது பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கம்பிக்கு. அங்கே ஒன்றுமில்லை. "என்னங்கடா இது, மிதியைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுல வெச்சிருக்கீங்க? காலு இங்கதான போகுது!"

நானும் மெடலும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். மிதி, பூட்டு இரண்டையும் பின்னால் அந்தக் கம்பிக்கே கொண்டுபோனால் குழந்தை கை எட்டவே எட்டாது. தரையிலேயே உட்கார்ந்து குழந்தையின் சாக்பீஸால் கோடு போட்டோம். நான் போட்டதை அவன் அழித்தான், அவன் போட்டதை நான். "மெடல் வாங்கினவரு கோடு ஏன் இப்படிக் கோணலா போகுது?" என்றேன். "அது தியரிக்குக் குடுத்த மெடல்" என்றான். அண்ணி காபியோடு வந்தவள் எங்களைத் தாண்டி அடுப்படிக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றாள்.

போகும்போது, "நாளைக்குக் கூட்டம். அண்ணி யோசனையை யாராவது சொல்லணும். எனக்கு அவங்க குரல் வராது" என்றான்.

மன்னிப்பு யார் கேட்டார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சொன்னேன். அந்த "என்னங்கடா இது"வோடு சேர்த்து.

மார்ச் 31, திங்கள்

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். "என்னடி ஆச்சு?"

"இருக்கச் சொல்லிட்டாங்க."

"அது தெரியும்டி. நீ இருப்பியா?"

நவம்பர் 11, செவ்வாய்

வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண். தோளில் குழந்தை தூங்குது, கையில் பை, முன்னால் எங்கள் வண்டி. பஸ் வந்தது. அவள் யாரிடமோ பேசிக்கொண்டே காலைப் பின்னால் விட்டு ஒரு மிதி மிதித்தாள், மடிந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். குழந்தை முழிக்கவே இல்லை.

நானும் போகவேண்டிய பஸ் அது. ஏற மறந்து நின்றுகொண்டே மெடலுக்குப் போன் செய்தேன்.

"என்ன, மறுபடி எதையாவது உடைச்சுட்டியா?"

"வண்டி… நம்ம வண்டிடா. ஒருத்தங்க மடிச்சாங்க."



"குனிஞ்சாங்களா?"

"குனியல."